ஏதோ ஒரு கல்

வணக்கம் ஐயா,

பெங்களூரில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. போன மார்கழியில் ஒரு சனி, ஞாயிறு அவரை எங்கள் நிலத்தில் இருக்கிற பழைய கொட்டாய்க்குக் கூட்டிப்போனேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி தாண்டி, தார் ரோட்டை விட்டு மண்பாதையில் உள்ளே போகவேண்டும். கரண்ட் கிடையாது, டவர் கிடையாது, அக்கம்பக்கம் வீடு கிடையாது. ஒன்றுமே இல்லாத இடம். இரண்டு நாள் ஓய்வாக இருக்கட்டும், மனம்விட்டுப் பேசலாம் என்றுதான் போனேன். அம்மா உட்காரவே இல்லை. களத்தைச் சாணி போட்டு மெழுகினார். அந்தக் குளிரில் விடிவதற்கு முன்னால் எழுந்துபோய் வேலியோரம் ஏதோ ஒரு கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். "சந்தோஷமா இருக்கியாம்மா, ஏதாவது பேசேன்" என்றால், "என்னாத்த பேசறது" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது காரில், "நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார். யானை வருகிற இடம். சுற்றி கரண்ட் வேலி போட்டு அங்கே விடலாமா, இல்லை வயதானவர்களின் அடம் என்று விட்டுவிடலாமா? இடித்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டலாம் என்கிறார் மனைவி. ராகியில் வருமானம் ஒன்றும் இல்லை. உங்கள் ஆலோசனை வேண்டும்.

(பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பி,

ஒரு வாரமாக என் அம்மா நினைப்பாகவே இருந்தேன். வருகிற தையோடு அவள் போய் ஒன்பது வருடம். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கண் கலங்கியது. இரண்டாம் முறை கோபம் வந்தது.

விடுதி விஷயம் உங்கள் வீட்டுக்குள் பேசி முடிக்கவேண்டியது, எனக்கு அதில் சொல்ல எதுவுமில்லை. ராகியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2022-23-இல் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நுகர்பொருள் வாணிபக் கழகம் ராகியை நேரடியாகக் கொள்முதல் செய்ய ஆரம்பித்தபோது குவிண்டாலுக்கு ஆதரவு விலை 3,578 ரூபாய். 2025-26-க்கு 4,886 ரூபாய். அதில் மாடிவீடு கட்ட முடியாதுதான். ஆனால் அது 'ஒன்றும் இல்லை' ஆகாது.

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, ராகியில் ஒன்றும் இல்லை, அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரே கடிதத்தில் மூன்று 'ஒன்றும்'. மூன்றும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன தம்பி. எதைப் பற்றிப் பேசினால் அவருக்கு வாய் திறக்குமோ, அதையெல்லாம் நீங்கள் காரிலிருந்து இறங்கும்போதே இல்லை என்று தள்ளிவிட்டீர்கள். பிறகு வெறும் ஆளை எதிரில் உட்காரவைத்து, சந்தோஷமா இருக்கியா என்று கேட்டால் என்ன சொல்வார்? உங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு முறை கேட்கிற கேள்வி அது. வாழ்நாளில் அவரை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

'ஏதோ ஒரு கல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

எழுபத்திரண்டு வயதில், மார்கழிப் பனியில், இருட்டோடு எழுந்துபோய் ஒருத்தி ஒரு கல்லைக் கழுவுகிறாள். பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறான். "இது என்னம்மா கல்லு" என்று கேட்க வாய் வரவில்லையா? பத்தடி தூரம் நடந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றக் கூடாதா?

அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நம் பக்கத்து நிலங்களில், வேலியோரத்தில், கழுவிப் பொட்டு வைக்கிற கல் என்றால் பெரும்பாலும் அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை போகும்போது கையால் தடவிப் பாருங்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், ஒரு காலை முன்வைத்து நிற்கிற ஆள் கையில் தட்டுப்பட்டால் அது நடுகல். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று ஊருக்காகப் போனவர்களுக்கு நட்ட கல். சிலவற்றில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து இருக்கும். பல்லவர் காலத்துக் கற்கள் கூட நம் பக்கம் கிடைத்திருக்கின்றன. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அங்கே அதற்குப் பெயர் நடுகல். நம் கொல்லையில் நிற்கும்போது அதற்குப் பெயர் வேடியப்பன். எழுத்து படிக்கத் தெரியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுக் காத்துவந்த கற்களில்தான் அறிஞர்கள் எழுத்தைப் படிக்கிறார்கள். உங்கள் அம்மா அந்த வரிசையில் ஒருவர். அவருக்குப் பிறகு யார் ஊற்றுவது என்ற கவலையில் கூட அவர் அங்கேயே இருந்துக்கறேன் என்று சொல்லியிருக்கலாம். அதை அடம் என்று எழுதுகிறீர்கள்.

எங்கள் கொட்டாயிலும் ஒரு வேடியப்பன் உண்டு. அது தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, காட்டை ஒட்டி. அப்போதெல்லாம் எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். ராகி அறுப்பு முடிந்து கதிர் களத்துக்கு வந்துவிட்டால் அம்மா ஊருக்கே வரமாட்டாள். கொட்டாயிலேயே காவல். வெயில் ஏறிக் கதிர் முறுகினால்தான் உருளைக்கல் ஓட்ட முடியும். மார்கழியில் பனி விலகவே பத்து மணி ஆகும், அதனால் அடித்து முடிக்க நாளாகும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் நடந்தே கொட்டாய்க்குப் போவேன். திங்கள் விடியலில் திரும்புவேன். சாக்கை விரித்து, இரண்டு கம்பளியைச் சேர்த்துப் போர்த்தி, வாசலில் கட்டை எரியும் வெளிச்சத்தில் படுத்துக்கொள்வோம்.

ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பி ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கும். ராகி வாசனை அவற்றுக்கு அவ்வளவு தூரம் போய்விடும். அம்மா யானை என்று வாயால் சொல்லமாட்டாள். "சாமி வந்துச்சு" என்பாள். சத்தம் போட்டுத் துரத்த ஒரு தகர டின்னும் ஒரு தடியும் தலைமாட்டிலேயே இருக்கும்.

நான் ஏழாவது படித்த வருடம், ஒரு சனிக்கிழமை ராத்திரி, வந்தன. நான்கைந்து இருக்கும். களத்துக்கும் எங்களுக்கும் நடுவில் இருபது அடி கூட இல்லை. கதிர் சுருட்டிச் சுருட்டி வாய்க்குள் போகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து டின்னை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள். என்னை மடியில் இழுத்துப் போட்டு வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் சாணி வாசனை. விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பாதிக் குவியல் போய்விட்டது. மறுநாள் முழுக்க, மிதிபட்ட கதிரை மண்ணிலிருந்து பொறுக்கிப் புடைத்தாள். நானும் பொறுக்கினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

பொங்கலுக்கு அப்பா வந்தபோது நான்தான் சொன்னேன். "அம்மா டின்னே தட்டலப்பா. தட்டியிருந்தா ஓடிப்போயிருக்கும்." அப்பா ரொம்பக் கேவலமாகத் திட்டினார். வருஷச் சோறு போனால் யாருக்கும் கோபம் வரும். அம்மா திரும்பிக்கூடப் பேசவில்லை. களத்தோரம் போய் வேடியப்பன் முன்னால் ஒரு படி ராகி வைத்துவிட்டு வந்தாள். இருக்கிறதே பாதி, அதிலும் கல்லுக்கு ஒரு படியா என்று அதற்கும் திட்டு விழுந்தது. வருடா வருடம் அந்த ஒரு படியை வைத்தாள். நான் கல்லூரிக்குப் போன பிறகு அதை மூடநம்பிக்கை என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். உங்களை நான் திட்டுவதில் பாதி எனக்குச் சேரவேண்டியது.

இருபத்தைந்து வருடம் கழித்து, ஒரு மார்கழியில், நானும் அவளும் முறத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தோம். ராத்திரி ஊறவைத்த கொட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு துள்ளும். பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் இல்லாமல் எங்கள் வீட்டில் மார்கழி போகாது. கண் கொட்டையில் இருந்தது, கை அதன்போக்கில் ஓடியது. நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அன்னிக்கு குட்டி ஒண்ணு இருந்துச்சு சாமி. நீ பாக்கல. டின்னு தட்டினா குட்டி மிரளும். குட்டி மிரண்டா தாய் எந்தப் பக்கம் வரும்னு யாரு கண்டா. நீ மடியில இருந்த. வேடியப்பா, அதும் புள்ளய அது இட்டுக்கினு போவட்டும், எம்புள்ளய எனக்கு உடு, வருஷம் ஒரு படி வெக்கறேன்னு வேண்டிக்கினேன்."

ஏன் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு கேக்கலயே" என்றாள். அடுத்த கொட்டையை எடுத்துக்கொண்டாள்.

கரண்ட் வேலி என்று நீங்கள் சாதாரணமாக எழுதிய வார்த்தைக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் விவசாய நிலத்தில் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்து, செத்துக்கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்த வீடியோவை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுக்கிற கரண்ட் வேலி குற்றம், அதைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள். காவல் வேண்டுமென்றால் வனத்துறையிடம் போய்க் கேளுங்கள், அறுப்பு மாதங்களில் கூட ஒரு ஆளைத் துணைக்கு வையுங்கள். உங்கள் அம்மாவுக்கு யானை எந்த மாதம், எந்தப் பக்கமாக இறங்கும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். அதையும் அவரிடம் கேட்கலாம்.

அவரை அங்கே விடுவதா வேண்டாமா என்பதுதான் உங்கள் கேள்வி. வருடம் முழுக்கத் தனியாக விடாதீர்கள். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதம் இருக்கட்டும், சனி ஞாயிறு தவறாமல் நீங்கள் போங்கள். ஓய்வெடு, உட்கார் என்று சொல்லாதீர்கள். தன் களத்தை மெழுகுவது அவருக்குப் பெங்களூர் சோபாவில் உட்காருவதைவிட ஓய்வு. நீங்கள் சாணியைக் கரைத்துக் கொடுங்கள்.

போகும்போது தேன்கனிக்கோட்டையில் இறங்கி இரண்டு கிலோ பச்சை அவரைக்காய் வாங்கிக்கொள்ளுங்கள். உரித்து ராத்திரியே ஊறப்போடுங்கள். விடிந்ததும் முதலில் கல்லுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போங்கள். பிறகு முறத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள், போனைக் காரிலேயே வைத்துவிட்டு. தள்ளிப்போடாதீர்கள் தம்பி, பனி குறைந்தால் அவரையில் அந்த வாசனை இருக்காது.