இரண்டு ‘ஸைஃப்’

கேள்வி: என் எட்டு வயது மகள் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து ‘லிஈலாஃபி குறைஷ்’ சூராவை (குர்ஆன் அத்தியாயத்தை) மனனம் செய்தாள். இப்போது குர்ஆனைப் பார்த்து ஓதினால் ‘இலாஃபிஹிம்’ என்கிறாள். ‘ஸைஃப்’ என்பதையும் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் திருத்திக்கொண்டே இருக்கிறார். “யாவாரத்துக்குப் போறதை ஏன் உம்மா சூராவுல சொல்லியிருக்கு?” என்றும் கேட்கிறாள்.
– ஒரு வாசகி, வேதாளை

பதில்: சகோதரிக்கு ஸலாம். முதலில் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுங்கள். கோடைக்காலத்தைக் குறிக்கும் ‘ஸைஃப்’ ஸாத் எழுத்தில் தொடங்குகிறது. ஸீனில் தொடங்கினால் அது வாள். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ஸை’தான், பிள்ளை என்ன செய்வாள்? ஸாதுக்கு நாக்கின் பின்புறம் மேலே எழும்ப வேண்டும், ஓசை வாய் நிறைய வரும். உஸ்தாத் வாயைப் பார்த்து ஓதினால்தான் இது படியும்.

‘ஈலாஃப்’ என்ற சொல் முதல் ஆயத்தில் (வசனத்தில்) ‘யா’ எழுத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதில் யா எழுதப்படவில்லை, ஆனாலும் நீட்டித்தான் ஓத வேண்டும். நம் பக்கத்து அச்சில் அலிஃபுக்குக் கீழே ஜேர் (‘இ’ ஓசைக் குறி) நெட்டுக்குத்தாக நிற்கும். மதீனா அச்சில் சிறிய யா இருக்கும். அதன்மேல் விரல் வைத்துக் காட்டுங்கள். குறைஷ், ஸைஃப், பைத், கவ்ஃப் என்று நான்கு ஆயத்துகளின் முடிவிலும் கடைசிக்கு முந்திய எழுத்து லீன், அதாவது ‘அய்’, ‘அவ்’ என்று மென்மையாக ஒலிக்கும் யா அல்லது வாவ். நிறுத்தும்போது 2, 4, 6 ஹரகத் (ஒரு ஹரகத் என்பது ஒரு குறில் ஒலிக்கும் நேரம்) எதுவும் சரியே. ஆனால் ஒன்றை 2, அடுத்ததை 6 என்று மாற்றக் கூடாது.

இனி அர்த்தம். மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் யமன், கோடையில் ஷாம் (சிரியாப் பகுதி) என்று வருடத்துக்கு இரண்டு வணிகப் பயணம் போனால்தான் அடுப்பெரியும். நபி (ஸல்) அவர்களின் பூட்டனார் ஹாஷிம் இதைத் தொடங்கிவைத்தவர் என்பார்கள். வாடை அடித்தால் வடகடலை விட்டுத் தென்கடலுக்கும், கச்சான் காற்று அடித்தால் திரும்ப வடகடலுக்கும் வள்ளம் மாறுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். வழியில் மற்றக் கூட்டங்கள் கொள்ளை போயின. கஅபாவின் ஊர்க்காரர்கள் என்பதால் குறைஷிகளை யாரும் தொடவில்லை. முந்திய ஃபீல் சூராவில் கஅபாவை இடிக்க வந்த அப்ரஹாவின் யானைப்படை அழிந்ததும் அந்த வீட்டுக்காகத்தான். அதனால்தான் ‘லி’ (‘அதற்காக’) என்ற தொடக்கத்தை அந்தச் சூராவோடு இணைத்துப் பொருள் சொல்வோர் உண்டு. மூன்றாம் ஆயத்தின் ‘வணங்கட்டும்’ என்பதோடு சேர்ப்போரும் உண்டு. பிள்ளைக்கு இரண்டாவது எளிது: இந்தப் பழக்கத்தைத் தந்ததற்காக இந்த வீட்டின் இறைவனை வணங்கட்டும். எப்படி இணைத்தாலும் இவை தனித்தனிச் சூராக்கள். சேர்த்து ஓதினால் நடுவில் பிஸ்மி சொல்லட்டும்.

கடைசி ஆயத்தில் இரண்டு கொடை: பசிக்கு உணவு, அச்சத்துக்கு அபயம். பகரா சூராவின் 126ஆம் ஆயத்தை எடுத்துப் பாருங்கள். இந்த ஊரை அபயமுள்ளதாக்கு, இதன் மக்களுக்குக் கனிகளைக் கொடு என்று இப்ராஹீம் நபி (அலை) கேட்டதும் அதே இரண்டைத்தான்.