எட்டு மேசைக்கு எத்தனை கூப்பன்?

கேள்வி: கொடைக்கானலில் ஒரு சின்ன ஹோட்டலில் சப்ளையராக இருக்கிறேன். வயது 26. எட்டு மேசை, முப்பது பேர் உட்காரலாம். எங்கள் முதலாளி ஏப்ரலில் ஒரு ஆப் மூலமாக ‘150 ரூபாய் கட்டினால் 300 ரூபாய்க்குச் சாப்பிடலாம்’ என்று கூப்பன் போட்டார். ஜூன் 30 வரை செல்லும். எத்தனை விற்றது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். சிக்னல் கிடைக்காமல் ஓடிபி வராவிட்டால் அதற்கும் எங்களிடம்தான் சண்டை. தினமும் வரும் ஜீப் டிரைவர் அண்ணன் போன வாரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “சரி தம்பி, வேற இடம் பாத்துக்கறேன்” என்று போய்விட்டார். டிப்ஸ் சுத்தமாக இல்லை. மூன்று வாரமாக லீவும் இல்லை. பரோட்டா மாஸ்டர் ஊருக்குக் கிளம்புகிறேன் என்கிறார். கூப்பனைக் காட்டுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முதலாளி நல்லவர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் “சமாளிடா” என்கிறார். வேலையை விட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம், கொடைக்கானல்

பதில்: தம்பி, விடலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் மெதுவாக வேலை செய்வதால் கூட்டம் தேங்குகிறது என்ற எண்ணம் உங்கள் மனதில் எங்காவது இருந்தால் முதலில் அதை எடுத்துப் போடுங்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அண்டாவில் வடிக்கிற சோறு கீழே வத்தலக்குண்டில் வேகிற நேரத்தில் மேலே வேகாது. குளிரில் மாவும் சீக்கிரம் புளிக்காது. மதியம் ஒன்றரைக்குச் சாம்பார் தீர்ந்துபோனால், இரண்டாவது பானைக்குப் பருப்பை இப்போதுதான் போட வேண்டும் என்ற நிலைமையில் எந்தச் சப்ளையர் ஓடியும் பயனில்லை. இலையும் கோழியும் மலைப்பாதையில் ஏறி வர வேண்டும். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, உங்கள் அடுப்புக்கு ஒரு வேகம் உண்டு. முப்பது நாற்காலிக்கு ஒரு கணக்கு உண்டு. இது இரண்டையும் பார்க்காமல் கூப்பன் விற்றிருக்கிறார்கள். உங்கள் சிக்கல் முழுவதும் இவ்வளவுதான். தள்ளுபடி கொடுத்ததைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உச்சவரம்பு இல்லாமல் கொடுத்ததுதான் தப்பு.

இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. 2010-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் ஒரு சின்ன காபிக் கடைக்காரர், குரூப்பான் நிறுவனம் மூலமாக 6 டாலருக்கு 13 டாலர் பெறுமான கூப்பன் போட்டார். கூட்டம் வந்தது. கடைசியில் சம்பளமும் வாடகையும் கொடுக்கத் தன் சேமிப்பிலிருந்து 8,000 டாலர் எடுக்க வேண்டியதாயிற்று என்று அவரே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இப்படிக் கூப்பன் போட்ட 150 வியாபாரிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். அதில் 32 சதவீதம் பேருக்கு லாபம் இல்லை. சேவைத் தொழில்களில் மோசமாக அடிவாங்கியது உணவகங்கள்தான். எந்தக் கடையில் இது பலன் தந்தது என்று பார்த்தபோது, வேலை செய்கிறவர்கள் மனநிறைவோடு இருந்தார்களா என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாக வந்து நின்றது. கூப்பனில் வருகிறவர் தள்ளுபடி போக மிச்சத்தைப் பார்த்துத்தான் டிப்ஸ் வைப்பார் என்பதும் அப்போதே பேசப்பட்ட விஷயம். உங்கள் டிப்ஸ் டப்பா காலியாக இருப்பதற்கு உங்கள் முகம் காரணமில்லை.

முதலாளியிடம் இப்போது நீங்கள் “முடியலை அண்ணே” என்றால் அவர் காதில் விழாது. சீசனில் எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிடுவார். கணக்கைக் காட்டினால் நின்று கேட்பார். ஆப்காரர்கள் 150-இல் கால் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 112 ரூபாய் சொச்சம். 300 ரூபாய்ச் சாப்பாட்டில் சரக்குச் செலவு மூன்றில் ஒரு பங்கு என்றாலும் 100 ரூபாய் போய்விடும். மிச்சம் 12 ரூபாய். கேஸ், கரண்ட், வாடகை, உங்கள் சம்பளம், பாத்திரம் தேய்க்கிற அக்காவின் சம்பளம் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும். இப்போது அந்த ஜீப் டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். 120 ரூபாய்க்கு அவர் மீல்ஸ் சாப்பிட்டால் சரக்கு போக 80 ரூபாய் கல்லாவில் நிற்கும். அவர் ஒருவர் திரும்பிப் போனதற்கு ஆறு கூப்பன்கள் ஈடாகாது. மேலும் அவர் ஆகஸ்டிலும் வருவார், மழையிலும் வருவார். கூப்பன் குடும்பம் ஊருக்குப் போய்விடும்.

உங்கள் கடையின் உண்மையான எண் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நாலைந்து நாள் பில் புக்கின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். கூப்பன் எத்தனை, முழுக் காசு கொடுத்தவர் எத்தனை, வாசலோடு திரும்பியவர் எத்தனை, சாம்பார் எத்தனை மணிக்குத் தீர்ந்தது, சிலிண்டர் எந்த நாள் மாற்றியது. நீட்டி எழுத வேண்டாம், கோடு போட்டாலே போதும். மதியக் கூட்டம் வடிந்து அவர் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்துக் காட்டுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். நல்ல முதலாளிக்கும் ஆட்கள் முன்னால் கணக்குத் தப்பினால் கோபம்தான் வரும். “அண்ணே, நாலு நாள் குறிச்சு வச்சேன், ஒரு தடவை பாருங்க” என்று நோட்டை நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

பிறகு கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆப்பில் இன்றே விற்பனையை நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே விற்றதை மதித்துத்தான் ஆக வேண்டும், காசு வாங்கியாயிற்று. ஆனால் புதிதாக ஒன்றுகூட வரக்கூடாது. ஆப்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் சொன்னால் 2019 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லுங்கள். தள்ளுபடித் திட்டங்கள் தாங்காமல் நூற்றுக்கணக்கான உணவகங்கள் சாப்பாட்டுத் தள்ளுபடி ஆப்களை விட்டு வெளியேறின. ‘லாக்அவுட்’ என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகு சொமேட்டோவே கோல்டு என்ற தன் சந்தாத் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சலுகை, ஒரு மேசைக்கு அதிகபட்சம் இரண்டு என்று மாற்றியது. அவ்வளவு பெரிய நிறுவனமே இறங்கி வந்தது.

எட்டில் இரண்டு மேசையை வாடிக்கைக்காரர்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கூப்பனுக்குப் பன்னிரண்டரைக்கு முன்னாலும் இரண்டரைக்குப் பின்னாலும் வரும்படி வாசலில் ஒரு அட்டை மாட்டலாம். விதியாக அல்ல, வேண்டுகோளாக. கூப்பன் விற்கும்போது சொல்லாத நிபந்தனையை இப்போது கட்டாயமாக்கினால் சண்டை இரட்டிப்பாகும். உங்கள் ஊருக்கே இந்த யோசனை புதிதல்ல. 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கினார்கள். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று எல்லையே வைத்தார்கள். மலைக்கே கணக்கு உண்டு என்றால் எட்டு மேசைக்கு இருக்கக்கூடாதா என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், இல்லாவிட்டால் குத்தலாகப் போய்விடும்.

கூப்பன்காரர்கள் மேல் எரிச்சல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. ஆனால் மதுரையிலிருந்து பிள்ளைகளோடு விடியற்காலையில் கிளம்பி, வளைவில் இரண்டு தடவை வாந்தி எடுத்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர் அவர். முன்பணம் கட்டியிருக்கிறார். அவருக்கு உங்கள் கடையில் எட்டு மேசைதான் என்று யாரும் சொல்லவில்லை. அவரை ‘ஓசிச் சாப்பாடு’ மாதிரி நடத்தினால் அதற்கு மன்னிப்பே கிடையாது, ரிவியூவில் எழுதிவிட்டுத்தான் போவார். வாசலிலேயே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்: “சார், முக்கால் மணி ஆகும். பிரையண்ட் பார்க் பாத்துட்டு வாங்க, உங்க பேரை எழுதி வச்சுக்கறேன்.” பேரையும் தலை எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் எழுதியாயிற்று என்று தெரிந்தால் பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள். உள்ளே விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் தண்ணீர் டம்ளரோடு உட்கார வைப்பதுதான் சண்டைக்கு வழி. ஓடிபி விவகாரத்தையும் வாசலிலேயே, சாப்பிடும் முன்பே முடித்துவிடுங்கள். கடையில் வைஃபை இருந்தால் அதன் பாஸ்வேர்டை அந்த அட்டையிலேயே எழுதிவிடலாம்.

பரோட்டா மாஸ்டரிடம் நீங்கள் பேச வேண்டாம், முதலாளி பேசட்டும். சீசன் நடுவில் மாஸ்டர் போனால் கடை பாதி மூடினதற்குச் சமம் என்று அவருக்கே தெரியும். மாவு பிசைய, காய் வெட்ட ஜூன் வரை ஓர் ஆள் போட்டால் அவர் இருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டிப்ஸ் போன இடத்தில் தினமும் ஒரு படியாவது கொடுக்கச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறை, எல்லோரும் கேட்டால் கோரிக்கை.

லீவு விஷயத்தில் மட்டும் கெஞ்ச வேண்டியதில்லை. ஹோட்டல் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பதும், வேலை நேரத்துக்கு ஓர் எல்லை என்பதும் தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சனி ஞாயிறு கேட்காதீர்கள், செவ்வாயோ புதனோ கேளுங்கள். முறை வைத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், விடலாமா என்ற கேள்வி. நோட்டைப் பார்த்த பிறகு முதலாளி விற்பனையை நிறுத்தினால் ஜூன் 30 வரை இருங்கள். நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படிப்பட்டவர் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் இறங்கி வருவார். பார்த்த பிறகும் “சமாளிடா” என்றால் வேறு இடம் தேட ஆரம்பியுங்கள். தேடுவதை அவரிடம் மறைக்க வேண்டாம். கோபத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் துண்டை உதறிவிட்டுப் போகாதீர்கள், அன்று உங்கள் வேலையும் அந்தப் பாத்திரம் தேய்க்கிற அக்கா தலையில்தான் விழும். மாத நடுவிலும் கிளம்ப வேண்டாம். பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு, சம்பளத்தையும் விடுமுறை எடுக்காத நாட்களுக்கான காசையும் கணக்குத் தீர்த்து வாங்கிக்கொண்டு போங்கள். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசனுக்கு மேலே ஆள் தேடுவார்கள்.