நின்ற இடத்திலேயே நடந்தவர்கள்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கு, சொல்லிவைத்தாற்போல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருந்தன. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.)

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வேலை. அவளுடைய மேலதிகாரியின் குடும்பப் பெயர் வாக்கர். "அந்தக் காலத்தில் ஊர் ஊராக நடந்து தபால் கொடுத்த பரம்பரையாக இருக்கும்" என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பந்தயம் கட்டியிருந்தால் உங்கள் வீட்டுக்காரர் தோற்றார் அம்மா. வாக்கர் காலை அசைத்தவர்தான், ஆனால் ஓர் அடிகூட முன்னே போகாதவர். தொட்டிக்குள் நின்றுகொண்டு கம்பளித் துணியை மிதித்தவர்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை அப்படியே கோட்டு தைத்துவிட முடியாது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இழைகள் தளர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, அப்புறம் (மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்) நாள்பட்ட மூத்திரத்தையும் ஊற்றி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். பழைய மூத்திரத்தில் அம்மோனியா இருக்கிறது, அது பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்க ரோமங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். குளிர்காற்று உள்ளே புகாது. லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் இதற்காக வீடுகளில் மூத்திரத்தைச் சேர்த்துவைத்துக் கொடுத்தார்கள். அதற்கு ‘லேன்ட்’ என்று தனிப்பெயரே உண்டு. முப்பத்திரண்டு வருஷம் திருப்பூரில் துணி பிராசசிங்கில் இருந்தவன் நான். சாயத் தண்ணீர் வாடைக்குப் பழகிய மூக்கு. ஆனாலும் அந்தத் தொட்டி வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் மெடிக்கல் லீவு போட்டிருப்பேன்.

இன்னொரு சங்கதி. மிதிப்பது நடப்பது போல இருப்பதால் வாக்கர் என்று பெயர் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். சொல்லின் கதை கிட்டத்தட்டத் தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்கன்’ என்ற வினைக்கு உருட்டு, புரட்டு என்றுதான் பொருள். துணி மிதிப்பவருக்கு அப்போதே ‘வெயால்கரெ’ என்று பெயர். காலால் நடப்பது என்ற அர்த்தம் அந்தச் சொல்லில் ஊன்றியது பிற்பாடுதான். ஜெர்மன்காரர்கள் ‘வால்கன்’ என்றால் இன்றைக்கும் கம்பளியைக் கசக்கித் தடிப்பாக்குவதுதான். ஊரெல்லாம் காலையில் ‘வாக்கிங்’ கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே வாக்கர் வேலைக்குப் போய்விட்டார்.

கேள்வி: முல்தானி மட்டி பாக்கெட்டில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறதே, யார் அந்த ஃபுல்லர்? கண்டுபிடித்த விஞ்ஞானியா?
வாசகி, அவினாசி

பதில்: விஞ்ஞானி இல்லை, மேலே சொன்ன அதே தொட்டிக்காரர்தான். தொட்டியில் போட்ட களிமண் என்றேனே, அதுதான் உங்கள் பாக்கெட்டில் இருப்பது. ஆட்டு ரோமத்தின் எண்ணெயை உறிஞ்சிய மண், இப்போது முகத்து எண்ணெயை உறிஞ்சுகிறது.

வேலை ஒன்று, பெயர்தான் ஊருக்கு ஊர் மாறியது. வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். தென்கிழக்கில் ஃபுல்லர். தென்மேற்கில் டக்கர். டெவன் மாவட்டத்து எக்ஸிடர் நகரில் நெசவாளர், டக்கர், துணி கத்தரிப்போர் சேர்ந்த சங்கத்துக்காக 1471-ல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. ஆகவே, இந்தக் குடும்பப் பெயர்கள் உறைந்துபோன காலத்தில் முன்னோர் எந்தப் பக்கத்தில் இருந்தார்கள் என்று பெயரை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். நெசவாளருக்கும் இப்படித்தான் வெப், வெபர், வெப்ஸ்டர் என்று மூன்று.

வேடிக்கை என்னவென்றால், பெயர் பரம்பரையாக ஒட்டிக்கொள்வதற்கு முன்பே மிதிக்கும் வேலையை ஆற்றுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. நீர்ச்சக்கரத்தில் ஓடும் மரச் சம்மட்டிகள் துணியை இடித்தன. 1185-ல் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் சொத்துக்கணக்கில் யார்க்‌ஷயரில் அப்படி ஓர் ஆலை பதிவாகியிருக்கிறது. ஆங்கிலேயரிடையே குடும்பப் பெயர் பரவலாக நிலைத்தது 1400-ஐ ஒட்டித்தான். காலுக்கு ஓய்வு கிடைத்தது, பெயருக்குக் கிடைக்கவில்லை.

மிதித்த துணி சும்மா விட்டால் கோணல்மாணலாகக் காயும். அதனால் நீண்ட மரச்சட்டத்தில், ஓரங்களைக் கொக்கியில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். சட்டத்துக்குப் பெயர் ‘டென்டர்’. முடிவு தெரியாமல் தவிப்பவரை ‘டென்டர்ஹூக்கில் இருக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது அந்தக் கொக்கியை வைத்துத்தான். திருப்பூரில் ‘ஸ்டென்டர்’ ஓட்டும் தம்பிகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். நம் மிஷினின் பெயரும் அதே மரச்சட்டத்திலிருந்து வந்ததுதான். இரண்டு பக்கமும் ஊசி பதித்த சங்கிலி துணியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு சூட்டுக்குள் போகும். துணியை எடுத்துப் பாருங்கள், கரையோரம் வரிசையாகப் பொடித் துளைகள் இருக்கும். என் இடது கட்டைவிரலிலும் அப்படி நான்கு உண்டு, 1991-லிருந்து.

கேள்வி: கணிதமேதை ராமானுஜனுக்காகப் பரிந்து கடிதம் எழுதிய ‘சர் வாக்கர்’ துணி மிதித்தவர்கள் வம்சமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு திருத்தம். ‘சர்’ பட்டத்தோடு குடும்பப் பெயரை மட்டும் சேர்ப்பது வழக்கமில்லை. சர் கில்பர்ட் வாக்கர் என்று முழுப்பெயர் போட வேண்டும், அல்லது சர் கில்பர்ட் என வேண்டும். ‘மிஸ்டர்’ நேர் எதிர், அது குடும்பப் பெயரோடுதான் வரும். மிஸ்டர் வாக்கர் சரி, மிஸ்டர் கில்பர்ட் தப்பு. (கோபி வாசகியின் மகளுக்கும் இது உதவும். அங்கே அலுவலகத்தில் பெரும்பாலும் மிஸ்டரும் வேண்டாம், முதல் பெயரே போதும்.) நாம் மட்டும் என்ன, திருவிதாங்கூர் திவானாக இருந்த ராமசாமி ஐயரை ‘சர் சி.பி.’ என்றோம். சி சேத்துப்பட்டு, பி அப்பா பட்டாபிராமன். ஊரையும் அப்பாவையும் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்த்தார்!

கில்பர்ட் வாக்கர் 1868-ல் பிறந்தது ராச்டேல் என்ற ஊரில். லங்காஷயரில் ஃப்ளானல் கம்பளிக்குப் பெயர்போன இடம், வாக்கர்கள் நிறைந்த வடக்குப் பகுதி. பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்து வம்சம் சொல்லக் கூடாது. பெயர் கல்யாணத்திலும் வரும். அமெரிக்காவில் கூந்தல் தைலம் விற்றுப் பணக்காரரான கறுப்பினப் பெண்மணி மேடம் சி.ஜே. வாக்கர், பிறந்தபோது சாரா பிரீட்லவ். கணவர் வழி வந்தது வாக்கர்.

கில்பர்ட் இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய், பசிபிக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே காற்றழுத்தம் ஏற்றப்பலகை மாதிரி ஏறி இறங்குவதைக் கண்டார். 1913 பிப்ரவரியில் சென்னை வந்தபோது, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. உங்கள் ஊர்க்காரருக்கு உதவியவர், ‘சர்’ரைச் சரியாகப் போடுங்கள்.

கேள்வி: ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் ஒருவர் நடக்கிறாரே?
வாசகர், பெயர் வேண்டாமாம்

பதில்: ஜான் வாக்கர் 1820-ல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக்கடை வைத்தவர். கையை வீசி நடக்கும் அந்த ஆள் 1908-ல்தான் வரையப்பட்டான். பெயருக்கு ஏற்ற படமாக வரைய வேண்டுமானால் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் இறக்கியிருக்க வேண்டும், சரக்கு விற்றிருக்காது. இந்தி சினிமாவின் சிரிப்பு நடிகர் ஜானி வாக்கருக்கு அந்தப் பாட்டிலைப் பார்த்துதான் பெயர் வைத்தார் இயக்குநர் குரு தத். அதற்கு முன்பு அவர் பம்பாயில் பஸ் கண்டக்டர். அதுவும் ஒருவகையில் தொட்டிக்குள் நடக்கும் வேலைதான்.