மூன்றாம் பக்கத்தில் நிற்கும் கதைகள்

வணக்கம் ஐயா,

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஐந்து வருடமாக ஒரு நோட்டில் கதைக்கருக்களைக் குறித்து வருகிறேன், 43 சேர்ந்துவிட்டன. எதை எழுத உட்கார்ந்தாலும் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது. உதாரணத்துக்கு ஒன்று: மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு ஒருநாள் விடியற்காலையில் ஒலிக்கிறது. இதற்குமேல் நகரவே இல்லை. குறிஞ்சி பூக்கப் பன்னிரண்டு வருடம் ஆகிறதே, என் கதைக்கும் காலம் வரட்டும் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். சரிதானா?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

முதலில் குறிஞ்சியை விட்டுவிடுவோம். 2018இல் கொடைக்கானல் பக்கம் அது பூத்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அதற்கு முந்தைய வருடங்களில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத செடி அது. ஆனாலும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. பூத்து, விதை போட்டு, செத்தும் போனது. உங்கள் நோட்டில் இருப்பவை வளரவில்லை, கிடக்கின்றன.

உவமைதான் வேண்டுமென்றால் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? உள்ளே கையை விட்டுப் பார்த்திருப்பீர்கள். சூடேறி இலை சிவந்துவிடும். ஐந்து வருடம் நோட்டில் கட்டி வைத்த கருவும் அப்படித்தான். அதை எதற்காகக் குறித்தோம் என்பதே மறந்திருக்கும்.

சங்கு நல்ல கரு. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. உங்கள் மூன்று பக்கங்களை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன்: முதல் பக்கம் முழுக்க மூடுபனி (மலைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி, எனக்கும் உண்டு), இரண்டாம் பக்கத்தில் சங்கு ஒலித்துவிடும், மூன்றாம் பக்கத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஏனென்றால் அது யார் காதில் விழுந்தது என்று நீங்கள் யோசிக்கவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு கிழவி என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடம் அந்தச் சங்குக்கு எழுந்து பழகியவள். அரைத் தூக்கத்தில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், கூடையைத் தேடி இருட்டில் துழாவுகிறாள். கையில் தட்டுப்படுவது முந்தின இரவு கட்டி வைத்த துணி மூட்டை. விடிந்தால் மகன் அவளைத் திருப்பூருக்கு அழைத்துப் போகிறான். தண்ணீர் கொதிக்கிறது. அவனை எழுப்புவாளா? இரண்டு டம்ளர் எடுப்பாளா, ஒன்றா? சங்கை ஊதியது யார் என்று இந்த இடத்தில் வாசகன் கேட்கமாட்டான். நீங்களும் கேட்காதீர்கள். எழுதிக்கொண்டே போகும்போது, சங்கே தேவையில்லை, கிழவி பழக்கத்தில் தானாகவே எழுந்துகொள்வாள் என்று தோன்றலாம். அப்படித் தோன்றினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஐந்து வருடம் காப்பாற்றிய கரு அது, கை வராதுதான்.

எனக்கும் ஒரு சங்கு இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலில், கல்லாறு தாண்டிய பல்சக்கரப் பாதையில், எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிக்கு ஒருவர் வெளிமேடையில் நின்று கையால் பிரேக் பிடிப்பார். அப்படி ஒருவரைப் பற்றி எழுத எட்டு வருடம் முயன்றேன். பாதை குன்னூருக்கு வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல், பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்று படித்ததையெல்லாம் முதல் இரண்டு பக்கங்களில் கொட்டினேன். நான் படித்தது தெரிந்தது, மனிதர் தெரியவில்லை. கடைசியில் எழுதி முடித்த கதையில், ஓய்வுபெற்ற ஒருவர் குன்னூர் மார்க்கெட்டில் அழுகிற பேரனைத் தூக்க மறுக்கிறார். தோள்பட்டை வலி. அதை மருமகளிடம் சொல்லக் கூச்சம். அவ்வளவுதான் கதை. ரயில் ஒரே ஒரு வரியில் தூரத்தில் கூவிக்கொண்டு போகிறது. அந்த வரியையும் எடுத்துவிடலாம் என்றார் பத்திரிகை ஆசிரியர். நான் கேட்கவில்லை, அது என் பிடிவாதம்.

மற்றபடி, எழுதுகிற கருவை டீக்கடையில் நண்பர்களிடம் சொல்லாதீர்கள். சொல்லி முடித்ததுமே எழுதி முடித்த திருப்தி வந்துவிடும். முதல் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தாதீர்கள். மோசமாகவே இருந்தாலும் கடைசி வரிவரை போய்விட்டுத் திரும்புங்கள். பன்னிரண்டு பக்கம் எழுதி மூன்றுதான் மிஞ்சுகிறது என்றால் வருத்தப்படவும் வேண்டாம். நான்கரைக் கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள்தானே கிடைக்கிறது.

கிழவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் எழுதி அனுப்புங்கள். அந்த மகன் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்