வாய்க்காங்கரை வீட்டு அப்பளம்

அன்புள்ள ஐயா,

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற குடும்பம் எங்களுடையது. மாமனார் காலமான பிறகு அத்தை தனியாக நடத்தினார்கள். இரண்டு வருடமாக நானும் கூட நிற்கிறேன். பாக்கெட்டில் இருப்பது மாமனார் பெயர். ஆனால் ஊரில் எல்லோருக்கும் நாங்கள் ‘வாய்க்காங்கரை வீட்டு அப்பளம்’தான். இப்போது ஆன்லைனில் விற்க ஆரம்பித்திருக்கிறோம். லேபிள் போட்டுத் தருகிறவர், ‘இந்தப் பழைய பெயர் எடுபடாது, சின்னதாக ஓர் இங்கிலீஷ் பெயர் வையுங்கள்’ என்கிறார். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். அதிலிருந்து இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. என்ன செய்யட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

அம்பாசமுத்திரத்தில் என் பெரியப்பா காபித்தூள் கடை வைத்திருந்தார். தாத்தா பெயரில் இருந்த கடை. ஒரு தை மாதம் அந்தப் போர்டை இறக்கிவிட்டு, நாகரிகமான பெயர் ஒன்றை எழுதி மாட்டினார். அதே கொட்டை, அதே வறுவல், சிக்கரி அளவில்கூட மாற்றம் இல்லை. ஆனால் பாபநாசம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வாசலில் நின்று, “கடை கை மாறிட்டோ?” என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பெரியப்பா பதில் சொன்னார். கேட்காமலே அடுத்த கடைக்குப் போனவர்களுக்கு யார் சொல்வது? அடுத்த வருடமே தாத்தா பெயர் திரும்ப ஏறியது. போனவர்களில் பாதிப் பேர் வரவில்லை.

நம் பக்கத்தில் போர்டு மாறினால் ஆள் மாறிவிட்டது, கைப்பக்குவமும் மாறிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் லேபிள்காரருக்கு இது தெரிய நியாயமில்லை.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளி உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் இல்லை அது. மங்கலான வெளிச்சத்தில் நடந்த அந்தக் கடையை, அல்வா வாங்க வந்த ஜனங்கள் அப்படிச் சொன்னார்கள், அதுவே நிலைத்தது. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்து சங்கர் நகர் என்று பெயரும் வந்தது. இன்றும் பஸ்ஸில் ‘தாழையூத்து ஒண்ணு’ என்றுதானே டிக்கெட் கேட்கிறோம்?

உங்களுக்கும் ஊரே ஒரு பெயர் வைத்திருக்கிறது. கடிதத்தில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் நின்றது. ‘வாய்க்காங்கரை வீட்டு அப்பளம்’ என்றால் தண்ணீர் வருகிறது, வீடு வருகிறது, வீட்டுப் பெண்கள் கையால் இட்டுக் காயப்போட்டது என்பதும் வந்துவிடுகிறது. சென்னையில் ஃபோனில் பார்த்து வாங்குகிறவருக்கும் இது புரியும். இங்கிலீஷ் பெயரில் இதில் எது வரும்? லேபிளில் பெரிதாக இதைத்தான் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் மாமனார் பெயர்? அத்தையின் மௌனம் அதற்காகத்தான் இருக்கும். நிறுவனத்தின் பெயர் வேறு, சரக்கின் பெயர் வேறு. நிறுவனம் மாமனார் பெயரிலேயே இருக்கட்டும். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் பாக்கெட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவர் பெயர் போகும். அதைப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காமல், படிக்கிற அளவில் போடுங்கள். லேபிள் மாதிரியை அத்தையிடம் காட்டி, “மாமா பேரு எந்த இடத்துல வரணும் அத்தை?” என்று கேளுங்கள். ‘மாத்தலாமா’ என்று கேட்டிருப்பீர்கள், அதுதான் அவரைச் சுட்டிருக்கும்.

இன்னொன்று இதைவிட அவசரம். உணவு உரிமமும் வங்கிக் கணக்கும் இன்னும் மாமனார் பேரில் கிடந்தால், முதலில் உரிமத்தை உங்கள் இருவரில் ஒருவர் பேருக்கு முறைப்படி மாற்றுங்கள், வங்கிக் கணக்கை முடித்துப் புதுக் கணக்கு தொடங்குங்கள்.

அப்புறம் வணிகச் சின்னம், அதாவது டிரேட்மார்க். கல்லிடைக்குறிச்சி என்ற ஊர்ப்பெயரை மட்டும் வைத்து யாரும் தனக்கென்று பதிவு செய்துகொள்ள முடியாது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அப்பளம் போடுகிற எல்லா வீட்டுக்கும் அந்தப் பெயரில் பாத்தியதை உண்டு, அது நியாயமும்கூட. ‘வாய்க்காங்கரை வீட்டு’ என்பதற்கு விண்ணப்பிக்கலாம். பதிவேட்டின் இணையத் தேடலில் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். எப்போதிலிருந்து இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். எந்தக் கடைக்காரராவது ‘வாய்க்காங்கரை அப்பளம்’ என்று எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டோ பழைய பில்லோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை வேறு ஒருவர் அதே பெயரை வைத்தால் அதுதான் உங்களுக்குச் சாட்சி.

கூகுள் மேப்பில் உங்கள் இடம் ஏற்கெனவே இருந்தால், அதிலேயே பெயரைத் திருத்துங்கள். புதிதாக ஒன்று தொடங்கினால் இதுவரை ஜனங்கள் எழுதிய நல்ல வார்த்தையெல்லாம் பழையதிலேயே தங்கிவிடும்.

அச்சடித்த பழைய பாக்கெட்டைக் கிழித்துப் போட வேண்டாம், தீரட்டும். புதியதில் ஒரு வருடமாவது ‘அதே வீடு, அதே கை’ என்று ஒரு வரி இருக்கட்டும். செங்கோட்டை தாண்டி உங்கள் சரக்கு போகிறது என்றால் ஆவணியில் மட்டும் லேபிளில் கை வைக்காதீர்கள். ஓணத்துக்கு வாங்குகிற கேரளக் கடைக்காரர் பழைய பாக்கெட்டைத்தான் கண்ணால் தேடுவார். அந்தச் சரக்கு போய்ச் சேர்ந்து பணமும் வரட்டும், புரட்டாசியில் மாற்றிக்கொள்ளலாம்.