திரும்பி வரும் மெயிலுக்கு 6,000 ரூபாயா?

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் பழைய மாணவர் சங்கத்தின் மெயில் குழுவில் 640 பேர் இருக்கிறார்கள். கூட்ட அறிவிப்பு அனுப்பினால் 90-க்கு மேல் பவுன்ஸ் ஆகித் திரும்புகிறது. பட்டியலைச் சுத்தம் செய்து தர ஒரு நிறுவனம் 6,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?
- சங்கச் செயலாளர், அண்ணா நகர், மதுரை

பதில்: வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு அவர்கள் சொல்லப்போவதில் பெரும்பகுதி, திரும்பி வந்த மெயில்களிலேயே எழுதியிருக்கிறது.

'மெயிலர் டீமன்' என்ற பெயரில் வருவதைத் திறந்து கீழே இறங்கிப் பாருங்கள். 550 5.1.1 என்று இருந்தால் அந்தப் பெயரில் அங்கே பெட்டியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 4-ல் தொடங்கும் எண் தற்காலிகத் தடங்கல். சர்வரே சில நாள் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், நீங்கள் கை வைக்க வேண்டியதில்லை. 5.7 என்று தொடங்கினால் பெரும்பாலும் உறுப்பினரின் மெயில் ஐடியில் குறையில்லை, அனுப்பும் பக்கத்தில்தான் சிக்கல். சங்கத்துக்குச் சொந்த டொமைன் (இணையப் பெயர்) இருந்தால், மெயில் உண்மையில் அங்கிருந்துதான் வருகிறது என்று வாங்கும் சர்வருக்குக் காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று அதை அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கண்டிப்பாக இருக்கிறது.

எக்செல்லில் ஐடி, தேதி, எண் என்று மூன்று நெடுவரிசை போட்டு எல்லாவற்றையும் ஏற்றுங்கள். 90-ஐயும் ஏற்ற ஒரு மாலைப்பொழுது போதும்.

5.1.1 வந்த ஐடிக்கு அனுப்புவதை உடனே நிறுத்துங்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள். முதலில், பழைய மாணவர் விழாவில் ஐடியோடு கையெழுத்து வாங்கிய ரெஜிஸ்டரை எடுங்கள். கோடு போட்ட தாளில் அண்டர்ஸ்கோர் எழுதினால் அது கோட்டோடு கோடாக மறைந்துவிடும். டைப் செய்தவர் கண்ணுக்கு இடைவெளியாகத்தான் தெரிந்திருக்கும். சின்ன 'எல்' எழுத்து 1 ஆகியிருக்கும். ஜிமெயில் பெயரில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுத்துப் பிழை இல்லையென்றால் வேலை மாறியதால் அடைபட்ட ஆபீஸ் ஐடியாகவோ, இரண்டு வருடம் தொடாமல் கிடந்து கூகுள் நீக்கிய கணக்காகவோ இருக்கலாம். 2023 டிசம்பரில் இந்த நீக்கம் தொடங்கியது. அவர்களுக்குப் போன் போட்டுப் புது ஐடி வாங்குவது ஒன்றே வழி.

பெட்டி நிரம்பியவர்களுக்கு மாதத்தில் மூன்று முறை அனுப்பிப் பாருங்கள். மூன்றும் திரும்பினால் நிறுத்திவையுங்கள். இல்லாத ஐடிகளுக்கு மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருந்தால், வாங்கும் சர்வர்கள் உங்கள் குழுவையே சந்தேகிக்கும். ஒழுங்காகப் படிக்கிற மற்ற சுமார் 550 பேருக்கும் அறிவிப்பு ஸ்பேமில் விழும். இந்த வேலையை அவசரமாகச் செய்யச் சொல்வது அதனால்தான்.

சுத்தம் செய்யும் நிறுவனங்கள் மெயில் அனுப்பாமலே 'இந்தப் பெட்டி இருக்கிறதா?' என்று சர்வரிடம் கேட்டுப் பார்க்கின்றன. சில ஆபீஸ் சர்வர்கள் எந்தப் பெயரைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்றே சொல்லும். அந்த ஐடிகள் 'தெரியவில்லை' என்ற பதிலோடு திரும்ப வரும். புது ஐடி என்ன என்பதும் அவர்களிடம் கிடைக்காது. அதோடு, உறுப்பினர்களைக் கேட்காமல் அவர்கள் விவரத்தை வெளியாளிடம் கொடுப்பது சரியே இல்லை.

செலவு செய்யத்தான் போகிறீர்கள் என்றால் நல்ல மெயில் சேவைக்குச் செய்யுங்கள். வாங்குமுன் மூன்று கேள்வி: பவுன்ஸ் ஆன ஐடிக்கும் கட்டணம் உண்டா? பவுன்ஸ் ஆனதைத் தானாக நிறுத்துமா? காரண எண்ணோடு பட்டியல் இறக்கித் தருமா?

கேள்வி: ஒருவர் பெட்டியைக் காலி செய்துவிட்டேன் என்கிறார். இன்னும் குழு மெயில் போகவில்லையே?

பதில்: பழைய பவுன்ஸ்களைப் பார்த்துக் குழு மென்பொருள் அவரை நிறுத்தி வைத்திருக்கும். நிர்வாகிப் பக்கத்தில் 'பவுன்ஸ்' அடையாளத்தை நீக்கி மறுபடி இயக்கிவிடுங்கள். அப்போதும் நிரம்பியதாகவே திரும்பினால், ஜிமெயிலின் இலவச 15 ஜிபி டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் இடத்தை அடைப்பது போனிலிருந்து தானாக ஏறிய வீடியோக்கள். அவற்றை நீக்கியபின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.