மெட்டு உங்களுடையது, பதிவு அவர்களுடையது

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன். ராக் பாடல்களை நானே எழுதி, மெட்டமைத்துப் பாடுகிறேன். 2014-ல் சென்னை இசை நிறுவனம் ஒன்று தன் செலவில் என் ஒன்பது பாடல்களைப் பதிவு செய்து, அப்படியே கிடப்பில் போட்டது. இப்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆல்பத்தை வெளியிடப்போகிறார்கள். முன்னோட்டமாக விட்ட பாட்டில் கடைசிச் சரணத்தையே வெட்டிவிட்டார்கள். தடுக்க முடியுமா? பணம் வருமா?

பதில்: தம்பி, ஒப்பந்த நகலை இரண்டு முறை படித்தேன். 'பாடல்களின் சகல உரிமைகளையும் எழுதிக் கொடுக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து. அதைப் பார்த்துப் பயந்துதான் இத்தனை வருஷம் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். அந்த வரிக்கு இன்று உயிர் இல்லை என்பதே என் கருத்து.

ஆல்பத்தில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒலிப்பதிவு, காசு போட்ட நிறுவனத்துக்கு. வரியும் மெட்டும் உங்களுக்கு. பதிப்புரிமைச் சட்டம் 19-வது பிரிவுப்படி, எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அது காலாவதி. 'பதிவு செய்தோமே, அதுவே பயன்படுத்தியதுதான்' என்று அவர்கள் வாதாடுவார்கள். வாதாடட்டும். அதே பிரிவு, காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்துக்கு ஐந்து வருடம்தான் ஆயுள் என்கிறது. உங்கள் தாளில் காலமே குறிப்பிடவில்லை. 2019-லேயே முடிந்துவிட்டது. பதிவு அவர்கள் பெட்டியில் இருந்தாலும், வெளியிட உங்கள் அனுமதி வேண்டும்.

பணம் கண்டிப்பாக உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது.

சரணம் விஷயம்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் அனுப்பிய பழைய போன் பதிவைக் கேட்டேன். ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்காமல், நாற்றங்கால் வெடித்துக் கிடப்பதைக் குரல் உடைந்து பாடுகிறீர்கள். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் காதல் பாட்டு. படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்க உரிமை தரும் 57-வது பிரிவு இதற்கு உதவும். ஆனால் வெட்டினார்கள் என்று மட்டும் சொன்னால் போதாது, உங்கள் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு என்று காட்ட வேண்டும். தேதி போட்ட பாட்டு நோட்டையும் அந்த போன் பதிவையும் பத்திரமாக வையுங்கள்.

முதலில் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ். மசியாவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்திலேயே இடைக்காலத் தடை கேட்கலாம். நீங்கள் வசிக்கும் ஊரில் வழக்குப் போட 62-வது பிரிவு இடம் தருகிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். ஆனாலும் ஆல்பத்தை முடக்குவதைவிட, சரணத்தைத் திரும்பச் சேர்த்து, ராயல்டியை எழுத்தில் வாங்கி வெளிவரச் செய்வதே நல்லது என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் காத்திருந்த பாட்டு அது.

இதற்கிடையில் 'சின்னத் திருத்தம்' என்று ஏதாவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள்.